வேறொருத்தியின் வாசனை

மாம்பழ ஈ நம்பக்கூடிய ஒரு பொய்யைக் கண்டுபிடிக்கச் சுகிர்தாவுக்கு ஆறு வருடம் பிடித்தது.

பொய் சின்னதுதான். ஓர் ஈ காயைக் குத்தி முட்டையிட்டதும் உடனே பறந்துவிடாது. வாலைக் காயின் மேல் இழுத்தபடியே ஒரு சுற்று நடக்கும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பிசுக்கைத் தடவிவிட்டுத்தான் போகும். பின்னால் வருகிற ஈ அதைக் காலால் தொட்டுப் பார்க்கும்; உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிடும். 'இங்கே என் பிள்ளைகள் இருக்கிறார்கள், நீ வேறு இடம் பார்' என்று முதல் ஈ எழுதி வைத்துவிட்டுப் போனதாக வைத்துக்கொள்ளலாம். சுகிர்தா அந்தப் பிசுக்கை ஆய்வகத்தில் செய்தாள். வெயிலில் அழியாதபடி, மழையில் கரையாதபடி அதை இறுக்கினாள். மெல்லிய மஞ்சள் பருத்தித் துணியில் ஏற்றி, துணியைப் பைகளாகத் தைத்து, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆவலப்பள்ளித் தோப்பில் ஒவ்வொரு கொத்துக்கும் மாட்டச் சொன்னாள்.

வேலைக்கு வந்த பெண்கள் அதைப் பை என்று சொல்லவில்லை. சட்டை என்றார்கள். "அந்தக் கொம்புல நாலு பேரு அம்மணமா நிக்கிறாங்க பாரு, சட்டைய போட்டு வுடுடி" என்று ஒருத்தி கத்துவாள், தோப்பே சிரிக்கும்.

மாதேஸ்வரி மட்டும் அந்த வருடம் ஏணியில் ஏறவில்லை. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து சட்டைகளுக்கு நாடா கோப்பது அவள் வேலை. சுகிர்தா கணக்கெடுக்க வரும்போதெல்லாம் அவள் பக்கத்தில்தான் உட்காருவாள். மற்றவர்கள் 'ஆபீசரம்மா' என்று ஒதுங்கும்போது, மாதேஸ்வரி ஒருத்திதான் கேள்வி கேட்பாள்.

"மேடம், இதுல மருந்தே இல்லன்றீங்க. அப்புறம் ஈ எதுக்கு ஓடுது?"

"பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிப்பீங்கல்ல?"

"எங்க வூட்டுக்காரு போடுவாரு. துண்டு போட்ட சீட்டுல எவனாச்சும் குந்தினா அன்னிக்கு பஸ்ஸே நவுராது."

"இது ஈ போடற துண்டு. நாம எல்லாக் காய்க்கும் முன்னாடியே போட்டு வச்சிட்டோம். வர்றதெல்லாம், 'அடடா, ஆள் இருக்குது'ன்னு போயிடும்."

மாதேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்போ முட்டைய வயித்துல வச்சிக்கினு வர்ற ஈ எங்கதான் மேடம் போவும்?"

"சுத்தும். சுத்தி சுத்தி செத்துப்போகும்."

"ஊரெல்லாம் எடம் இருக்குது. அதுக்கு மட்டும் இல்லன்னு தோணும். அப்படித்தான?"

"ஆமா."

"ஐய! மருந்தடிச்சே கொன்னிருக்கலாம் மேடம்."

அன்று மாலை ஆய்வு நிலையத்தில் சுகிர்தா இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். திட்டத் தலைவர் தேவசகாயம் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

செந்தூரா ரகக் காய்கள் முதலில் இறங்கின. கழற்றிய சட்டைகள் கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. மாதேஸ்வரி அந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்து, கடைசியில் கேட்டுவிட்டாள்.

"இதுல கொஞ்சம் எடுத்துக்கட்டுமா மேடம்? பொறக்கப்போறதுக்கு பழந்துணி வேணும்."

பிறந்த குழந்தைக்கு அவர்கள் புதுத்துணி போடுவதில்லை. பேர் வைக்கிற நாள் வரைக்கும் பழந்துணிதான். துவைத்துத் துவைத்து நைந்து, உரசினாலும் உறுத்தாத துணி.

"வூட்டுல எல்லாம் பாலியஸ்டர் சேலைங்க. அது பழசானாலும் குத்தும். அத்தைகிட்ட ஒரே ஒரு நூல் சேலை இருக்குது. அது செத்தா போத்தறதுக்குன்னு பெட்டியில வச்சிருக்குது, கேட்டா என்னையே போத்திடும்."

சுகிர்தாவுக்கு அதில் சந்தோஷம்தான். தன் கையாலேயே நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினாள். நிலையத்து மெஷினில் ஒன்றுக்கு இரண்டு முறை துவைத்து, வெயிலில் காயப்போட்டு, மடித்துக் கொடுத்தாள். தண்ணீரில் போகாது என்பதுதான் அவள் கண்டுபிடிப்பின் பெருமையே. அதைப் பற்றி வெளியூர்க் கூட்டங்களில் பேசியிருக்கிறாள். மெஷினில் சோப்பைப் போட்டபோது அந்த நினைப்பு அவளுக்கு வரவே இல்லை. அது ஈக்கும் காய்க்கும் நடுவில் உள்ள விஷயம். விஷமில்லை, அரிப்பில்லை, எலிகள் நக்கிப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. பால் கொடுக்கிற எலியிடம் மட்டும் யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை.

பிந்திப் பழுக்கும் பெங்களூரா ரகக் காய்கள் பருத்துக்கொண்டிருந்த நாட்களில் மாதேஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேதி தோப்புக்கு வந்த மறுநாளே இன்னொரு சேதியும் வந்தது.

"புள்ளைய தூக்க மாட்டேன்றாளாம்."

"பொட்டப்புள்ளயாச்சே. ஆம்பளையா இருந்தா தூக்கியிருப்பா."

"அட, அது இல்லக்கா. ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்கன்னு சொல்றாளாம். இது என் புள்ள இல்லன்னு ஒரே ஆட்டம்."

"எல்லாம் நடிப்பு. வேணாம்னு வாய்விட்டு சொல்ல முடியுமா?"

சுகிர்தாவால் நம்ப முடியவில்லை. பெண்தான் வேண்டும் என்று மாதேஸ்வரி அவளிடமே சொல்லியிருக்கிறாள். 'பையன் பொறந்தா அத்தை கட்சி, பொண்ணு பொறந்தா என் கட்சி.'

வெறுங்கையோடு போகக்கூடாதென்று பழமும் பேபி சோப்பும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். மாமியார் கெம்பம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாங்க ஆபீசரம்மா. வந்து உங்க ஆளுக்கு நீங்களாச்சும் புத்தி சொல்லுங்க. ஆஸ்பத்திரியில அன்னிக்கு ராவுக்கு இவ ஒருத்திதான் பெத்தா. ஒருத்தி! வேற புள்ளையே இல்லாத எடத்துல எதோட மாத்துறது? நாற்காலியோடவா?"

"மொதல்ல தூக்கினாளா?"

"தூக்கினாளே! பொறந்த அன்னிக்கு மாரோட அணச்சிக்கினு, முத்தமா குடுத்தா. எம்மவன் வேட்டியில சுத்தி வச்சிருந்தோம். மறுநாள் காலையில நான் துணிமணியெல்லாம் எடுத்துக்கினு போயி, குளிப்பாட்டி, சுத்தி, கையில குடுத்தேன். மோந்து பாத்தா. மூஞ்சி மாறிப்போச்சு. 'இது யாருது அத்தை?'ன்றா. எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு."

"இப்போ பால்?"

"டப்பாப் பாலுதான். நர்ஸம்மா தெனம் வந்து எட்டிப் பாக்குது. பொட்டப்புள்ளைய ஏதாச்சும் பண்ணிடுவோம்னு சந்தேகம். வெள்ளிக்கெழமைக்குள்ள தாய் பால் குடுக்கலன்னா புள்ளைய, வேணாம்னு வுட்ட புள்ளைங்கள வளக்கற தொட்டில் மையத்துக்கு எடுத்துக்கினு போயிடுவேன், உங்க மேல கேசும் வரும்னு சொல்லிட்டுது. இந்த வூட்டுக்கே கண்ணு பட்டுடுச்சு. மாடுகூட கன்னுக்குட்டிய கிட்ட சேர்க்காம ஒதைக்குது."

கெம்பம்மா கை காட்டிய இடத்தில் ஒரு கன்றுக்குட்டி எலும்பும் தோலுமாக நின்றது. இரவில் கொசு கடிக்காமல் இருக்க அதன் முதுகில் ஒரு துணியைக் கட்டியிருந்தார்கள். வெளுத்த மஞ்சள் துணி. ஓரத்தில் நாடா கோத்த தையல்.

சுகிர்தா தொட்டில் பக்கம் திரும்பினாள். அதே வெளுத்த மஞ்சள். நான்கைந்து சட்டைகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்த விரிப்பு. குழந்தையைச் சுற்றியிருந்ததும் அதுதான். தலைக்குக் கட்டியிருந்ததும் அதுதான்.

வாங்கி வந்த பழப்பை கையிலிருந்து எப்போது கீழே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாதேஸ்வரி உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. சுகிர்தா பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நீங்களாச்சும் நம்புங்க. அன்னிக்கு ராவு என் கையில இருந்தது வேற. எனக்குத் தெரியாதா? இது நல்ல புள்ளதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா இதைக் கிட்ட கொண்டாந்தா, வேற யாரோ வந்து நிக்கிற மாதிரி இருக்குது. 'இதுக்கு ஆளு இருக்குது, நீ கைய எடு'ன்னு சொல்ற மாதிரி."

தான் ஆறு வருடம் உட்கார்ந்து எழுதிய வாக்கியத்தை ஒரு பெண் அப்படியே வாய்விட்டுச் சொல்வதைச் சுகிர்தா கேட்டுக்கொண்டிருந்தாள்.

மற்ற யாருக்கும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதும் அவளுக்கு அங்கேயே விளங்கியது. வளர்ந்த பிள்ளையை முகத்தைப் பார்த்தும் குரலைக் கேட்டும் கண்டுகொள்ளலாம். பிறந்த சிசுவைத் தாய் முகர்ந்துதான் அறிகிறாள். கெம்பம்மாவுக்கும் நர்ஸுக்கும் அந்தத் துணி சொன்னது உண்மைதான். அவர்களுக்கு அது எப்படியும் இன்னொருத்தி பிள்ளை. ஒரே ஒருத்தியிடம்தான் அது பொய் சொன்னது.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. கெம்பம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுகிர்தாவின் வாயிலிருந்து வந்தது வேறு.

"கெம்பம்மா, இந்தத் துணி பச்சப்புள்ள தோலுக்கு ஆகாது. அரிப்பு வரும். எல்லாத்தையும் குடுத்துடுங்க, நான் வேற பழந்துணி கொண்டாந்து தர்றேன். புள்ளைய நல்லெண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுங்க. தெனமும். கன்னுக்குட்டிக்கும் எண்ணெய் தடவி வுடுங்க."

"கன்னுக்குட்டிக்குமா அரிப்பு?"

"அதுக்கும்தான்."

தண்ணீரில் போகாதது எண்ணெயில் போகும் என்று அவளுக்குத் தெரியும். அன்றே தன் பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

திரும்பி வந்ததும் தேவசகாயத்தின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"நிச்சயமா துணிதானா?"

"கன்னுக்குட்டியையும் பாத்தேன் சார்."

"துணியை எடுத்தாச்சு, எண்ணெய் தேய்க்கச் சொல்லியாச்சு. சரியாயிடும் இல்ல?"

"சரியாயிடும்னு நெனைக்கிறேன். ஆனா அவளைப் பத்தி ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா சார்? பொண்ணுன்னு கொல்லப் பாத்தவன்னு பேசறாங்க."

"சுகிர்தா, போன வருஷம் இந்த ஊர்லேருந்து போன லாரியில பாதி, புழுன்னு சொல்லி மாம்பழக் கூழ் ஃபாக்டரியிலேருந்து திரும்பி வந்துச்சு. ரெண்டு பேர் பூச்சி மருந்தைக் குடிச்சாங்க. நீயும்தானே பாக்கப் போன? இப்போ பெங்களூரா மரத்துல நிக்குது. தாயும் பிள்ளையும் பிரியற துணின்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கே எல்லாத்தையும் அவுத்துப் போட்டுடுவாங்க. ஈ மூணு நாள்ல உள்ள வந்துடும். அறுப்பு முடியட்டும். அப்புறம் நானே சொல்றேன். அதுவரைக்கும் யாரும் துணியை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் சுகிர்தாவுக்குக் கஷ்டமாக இருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே மாதேஸ்வரி குழந்தையை எடுத்துக்கொண்டாள். எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து பால் கொடுத்தாளாம். நர்ஸம்மா பார்த்துவிட்டுப் போனாளாம். "கேசுன்னதும் பாசம் வந்துடுச்சு பாரு" என்று தோப்பில் பேசிக்கொண்டார்கள். "இருந்தாலும் கெம்பம்மா அவள நம்பி புள்ளைய வுடறதில்ல. கக்கூசுக்குப் போனாலும் பின்னாலயே போவுது."

அந்தப் பேச்சுகளைக் கேட்டுக்கொண்டே சுகிர்தா காய்களை எண்ணினாள். ஒன்றில்கூடப் புழு இல்லை. சட்டைகளுக்கு வெளியே ஈக்கள் வந்து உட்கார்ந்து, எழுந்து, அடுத்ததில் உட்கார்ந்து, எழுந்துகொண்டே இருந்தன. முன்பெல்லாம் அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

தாய்க்குப் பிள்ளை கிடைத்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கன்றுக்குட்டியும் குடிக்கிறதாம் என்று சேர்த்துக்கொள்வாள். இரண்டையும் சொல்லி முடித்த பிறகு, கெம்பம்மா ஒரு பெண்ணின் பின்னாலேயே போய்க் கக்கூசுக் கதவருகில் நிற்பது கண்முன் வரும்.

அறுப்பு பாதியில் இருக்கும்போது ஒருநாள் மத்தியானம் மாதேஸ்வரியே நிலையத்துக்கு வந்தாள். தோளில் குழந்தை. உடம்பு தேறியிருந்தது. சுகிர்தா எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவள் கீழேதான் உட்கார்ந்தாள். சுகிர்தாவும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். குழந்தை சிணுங்கியதும் முந்தானையை இழுத்துவிட்டு மாதேஸ்வரி பால் கொடுத்தாள். அந்தக் கை தயங்கவில்லை. அதைப் பார்த்ததும் சுகிர்தாவுக்கு மூச்சு இலேசாக வந்தது.

"நல்லா குடிக்கிறாளா?"

"வூடு எழுதி வாங்கின மாதிரி குடிக்கிறா." மாதேஸ்வரி கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அத்தை கேட்டாண்ட நிக்குது மேடம். கொஞ்ச நேரம்தான் வுட்டிருக்குது. ஒரு உதவி வேணும். உங்க லேப்புல ரத்தத்தைப் பாத்து யாரு புள்ளன்னு சொல்ல முடியுமாமே?"

சுகிர்தாவுக்கு முதலில் புரியவில்லை. "எதுக்கு? இவ உன் புள்ளதான?"

"இவளுக்கு நான் ஒரு கொறையும் வைக்கல மேடம். வந்த மூணாம் நாளே ஆரம்பிச்சிட்டேன். அத்தை மாடு கறக்கப் போயிருந்துச்சு, இது வீல்வீல்னு கத்துது. யாரு பெத்ததா இருந்தா என்ன, பசிக்குது இல்ல? எடுத்துக் குடுத்தேன். அதுலேருந்து அத்தை அந்தாண்ட போனா குடுப்பேன்."

"மூணாம் நாளா? நான் வந்தேனே, துணியெல்லாம் வாங்கிட்டுப் போனேனே, அதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான். யாருக்கும் தெரியாம. எல்லாரும் பாக்கக் குடுத்தா, 'சரி, உன் புள்ளதான்'னு முடிச்சிடுவாங்க. அப்புறம் என் புள்ளைய யாரு தேடுவாங்க? நர்ஸம்மா தூக்கிக்கினு போயிடும்னு சொன்னப்புறம்தான் வேற வழியில்லாம எதிர்ல குடுத்தேன்."

சுகிர்தா அவளையே பார்த்தாள். ஆறு வருடத்தில் எத்தனையோ ஈக்களுக்கு அந்த வாசனையைக் காட்டியிருக்கிறாள். ஒன்றுகூட மீறியதில்லை. இவள் அது சொன்னதை முழுவதும் நம்பினாள். நம்பிக்கொண்டே மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்போ இவ வாசனை பழகிப்போச்சு. வூட்டுல தன்ஷிகான்னு பேரு வச்சாங்க. இவள திருப்பிக் குடுன்னாகூட எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா என் புள்ள ஒருத்தி கையில இருக்குது இல்ல மேடம்? அதுக்கு நான் செவ்வந்தின்னு வச்சிருக்கேன், மனசுக்குள்ள. அந்தப் பொம்பளையும், பசிக்குதேன்னு எடுத்துக் குடுத்திருப்பாளா? அது மட்டும்தான் தெரியணும். கேட்டு வாங்கிக்கினு வரல. தூரமா நின்னு ஒருதடவ பாத்துட்டு வந்துடறேன். பஸ்ஸுக்குக்கூட நானே பாத்துக்கறேன்."

அறுப்பு முடிய இன்னும் நாள் இருந்தது. தேவசகாயத்தின் முகம் கண்முன் வந்தது. மருந்து குடித்தவர்களின் வீடுகளும் வந்தன. சுகிர்தா இரண்டையும் தள்ளவில்லை. அவை அங்கேயே இருக்க, பேசத் தொடங்கினாள்.

"மாதேஸ்வரி, யாரும் மாத்தல. இவதான் நீ பெத்த பொண்ணு. உன்கிட்ட பொய் சொன்னது அந்தத் துணி. ஈயை ஏமாத்தறதுக்கு நான் அதுல ஒண்ண ஏத்தி வச்சிருந்தேன். 'இது வேற ஒருத்தியோடது'ன்னு சொல்ற வாசனை. தண்ணியில போகாத மாதிரி செஞ்சதும் நான்தான். அதைத் துவைச்சு மடிச்சு உன் கையில குடுத்ததும் நான்தான். உன் வீட்டுல வந்து பாத்ததும் தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சும் அரிப்புன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

மாதேஸ்வரி குனிந்து குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். அப்படியே இருந்தாள்.

"அப்போ நான் பைத்தியம் இல்ல."

"இல்ல."

"பொட்டப்புள்ளன்னு வெறுக்கல."

"இல்ல. ஒருநாளும் இல்ல."

"இத எங்க அத்தைகிட்ட சொல்லுவீங்களா?"

"இப்பவே சொல்றேன். கேட்லதான நிக்கிறாங்க?"

"நர்ஸம்மாகிட்ட?"

"எல்லார்கிட்டயும் சொல்றேன். தோப்புலயும் சொல்றேன்."

சொன்னால் என்ன நடக்கும் என்று சுகிர்தாவுக்குத் தெரியும். பொழுது சாய்வதற்குள் மரங்களிலிருந்து சட்டைகள் உரிக்கப்படும். ஈக்கள் வந்துவிடும். நிற்கிற காயில் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது. தன் பெயரை இந்தப் பக்கத்தில் யாரும் நல்ல வார்த்தையோடு சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். இருந்தும், பல வாரங்களுக்குப் பிறகு முதல்முறையாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போலிருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்றுகூடத் தோன்றியது. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு கதவருகே போனாள்.

"மேடம்."

திரும்பினாள். மாதேஸ்வரி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கேட்ட உதவிக்கு இன்னும் பதில் வராத முகம்.

"அப்போ செவ்வந்தி?"

சுகிர்தாவின் கை கதவிலேயே நின்றது.

"எங்கயும் இல்லையா? யாரு வூட்டுலயும்?"

"இல்ல மாதேஸ்வரி."

மாதேஸ்வரி தலையை ஆட்டினாள். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. அதை மாரிலிருந்து எடுக்காமல், மடியில் இருப்பவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல அதன் காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மற்றவளுக்காக அழத் தொடங்கினாள்.